இடது காலுக்கு வலது கை

தொப்பியைத் தூக்கத்திலும் கழற்றாத என் அப்பாவுக்கு,

நேற்று அம்மாவைக் காணவில்லை. பதறாதீர்கள், கிடைத்துவிட்டார். ஆனால் கிடைத்த இடத்தையும் கிடைத்த விதத்தையும் என்னால் இன்னும் நம்ப முடியவில்லை. காலையில் ஊற்றிய பிளேன்டி குடிக்காமலே ஆறிக் கிடக்கிறது. இன்று பள்ளிக்கூடத்துக்கும் லீவு சொல்லிவிட்டேன்.

வீட்டுச் சங்கதி நம் லயத்து வீட்டுக் கதவைத் தாண்டக்கூடாது என்பது உங்கள் சட்டம். இதை நான் ஊரே படிக்கிற மாதிரி எழுதுவது உங்களுக்குப் பிடிக்காது. என்ன செய்வது? நடந்ததை நம் லயத்திலும் கீழ் லயத்திலும் இருந்தவர்கள் எல்லாரும் வாயைப் பிளந்துகொண்டு பார்த்துவிட்டார்கள். ஆளுக்கொரு விதமாக அவர்கள் பரப்புவதற்கு முன்னால் உங்களுக்கு நானே சொல்லிவிடுகிறேன்.

முதலில் உங்களுக்குத் தெரியாத ஒன்று. உங்கள் படத்துக்கு முன்னால் நின்று பேசும்போதெல்லாம் இதை மட்டும் தாண்டிப் போயிருக்கிறேன், சொல்ல வாய் வரவில்லை. நீங்கள் போன கொஞ்ச காலத்திலேயே அம்மாவுக்குப் பக்கவாதம் வந்துவிட்டது அப்பா. ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தவர் அப்படியே அடுப்படியில் சாய்ந்தார். இடது கையும் இடது காலும் விழுந்துவிட்டன.

நல்லவேளை, பேச்சு போகவில்லை. ஆனால் பேச்சு இருந்தும் அம்மா பேசுவதில்லை. சண்டைக்கு ஆள் தேடுகிற அம்மா, நீங்கள் ரேடியோவைச் சத்தமாக வைத்தாலே கரண்டியோடு வருகிற அம்மா, வாசலில் நாற்காலியில் உட்கார்ந்து எதிரே இருக்கிற தேயிலை மலையையே வெறித்துக்கொண்டிருப்பார். சாப்பிடக் கூப்பிட்டால் "ம்" என்பார். அவ்வளவுதான். புத்தியும் கொஞ்சம் மங்கிவிட்டதோ என்றுகூட நாங்கள் பயந்தோம்.

ஆஸ்பத்திரியில் நடை பழக்குகிற மிஸ் ஒருவர் இருக்கிறார். சிங்களப் பிள்ளை, தமிழ் கொஞ்சம்தான் வரும், ஆனால் தங்கமான குணம். அம்மாவின் முதுகைத் தடவிக்கொண்டே, "அம்மே, கை கால் மாறு. மாறு மாறு வெச்சி போக ஓணும்" என்று சொல்லிக் கொடுத்தார். செய்தும் காட்டினார். கூட்டம் நெருக்கித் தள்ளிய அந்த அறையில் நாங்கள் எட்டிப் பார்த்ததில் பாதி தெரிந்தது, பாதி தெரியவில்லை. மாறு என்ற சொல்லுக்கு நமக்கா அர்த்தம் தெரியாது? ஹட்டனில் பஸ் மாறுகிறோம், கடையில் நோட்டு மாற்றுகிறோம். ஒரு தடவை இந்தப் பக்கம், ஒரு தடவை அந்தப் பக்கம், அதுதானே மாறு என்று தம்பி தயாளன் சொன்னான். நானும் சரி என்று தலையாட்டினேன்.

விழுந்த பக்கத்துக்குத்தானே தாங்கல் வேண்டும்? ஊன்றுகோலை அம்மாவின் இடது கையில் கொடுத்து, நழுவாமல் இருக்கத் துணியால் சுற்றியும் விட்டோம். கொழும்பிலிருந்து சனி ஞாயிறுகளில் வருகிற உங்கள் மகன் வாசலை வெட்டிச் சமப்படுத்தி, சீமெந்து பூசி, ஓரத்தில் பிடித்துக்கொள்ளக் கம்பியும் நட்டான். மலையில் பிறந்தவர்களுக்குத்தான் சமதரை மீது இப்படி ஒரு பக்தி. அதில் அம்மாவை நிறுத்தி, காலையில் பெரட்டுக் களத்தில் வேலைக்கு ஆள் பிரிக்கிற கண்டாக்கையா மாதிரி சத்தம் போடுவான். "எடது கையி, எடது காலு! இப்ப வலது கையி, வலது காலு! பயப்படாம வைங்கம்மா!"

அம்மா வைத்தார், விழுந்தார். இன்னொரு நாளும் விழுந்து முகத்தில் அடிபட்டது. அதோடு ஊன்றுகோலைத் தூக்கி எறிந்துவிட்டார். அதற்குப் பிறகு நாற்காலியை விட்டு எழுந்ததே இல்லை.

அதனால்தான் தயாளன் முடிவெடுத்தான். உங்கள் முதல் திவசம் முடிந்த மறுநாள் அம்மாவைக் கொழும்புக்குப் பக்கத்தில் வத்தளையில் இருக்கிற தன் வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவது. வேனுக்கும் சொல்லியாகிவிட்டது. அவன் சொன்ன நியாயங்களில் தப்பில்லை. இங்கே கக்கூஸுக்குப் போகப் படி இறங்க வேண்டும். நான் பள்ளிக்கூடம் போனால் அம்மாவைப் பார்க்கப் பக்கத்து வீட்டு ராணிதான். அங்கே அவன் மனைவி வீட்டில் இருக்கிறாள், குழாயைத் திறந்தால் சுடுதண்ணி வருகிறது.

எனக்குத் தாங்கவில்லை. அம்மா போய்விட்டால் இந்தக் காம்பரா வீட்டில் நானும் உங்கள் படமும்தான். அதற்காக மட்டும் இல்லை. அம்மா அந்த மாடி வீட்டில் சுவரைப் பார்த்து உட்கார்ந்தே முடிந்துபோய்விடுவார் என்று எனக்கு உள்ளுக்குள் அடித்துக்கொண்டே இருந்தது. தம்பியோடு கத்திச் சண்டை போட்டேன். கடைசியில் இருவருமாக அம்மாவிடமே கேட்டோம். "ஒங்க இஷ்டம்" என்று சொல்லிவிட்டு மறுபடி மலையைப் பார்த்தார். நம் வீட்டில் அம்மாவின் வாயிலிருந்து அந்த வார்த்தையை நீங்கள் என்றைக்காவது கேட்டிருக்கிறீர்களா?

இந்த இடத்தில் குரங்குக் கதை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சிரிக்காதீர்கள், அது இல்லாமல் நேற்றைய சங்கதி விளங்காது. போன மாதம் தரம் பத்துக்கு விலங்குகளின் அசைவைப் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். வழக்கம்போலக் கூரைத் தகரத்தின் மேல் குரங்குகள் தடதடவென்று ஓடின. ஒரு பிள்ளை எழுந்து, "மிஸ், கொரங்கு நடக்கிறப்ப எந்தக் கை எந்தக் காலோட போகும்?" என்று கேட்டாள். நாய் மாதிரித்தான் என்று சொல்லி உட்காரச் சொன்னேன். அவள் உட்காரவில்லை. "நல்லா பாத்தீங்களா மிஸ்?"

பார்க்கவில்லைதான். அதனால் எல்லாருமாகச் சேர்ந்து பார்த்தோம். மதில்மேல் நடந்துபோன ஒரு குரங்கையும், கேட்டடியில் சுற்றுகிற நாயையும் போனில் படம் பிடித்து மெதுவாக ஓடவிட்டோம். நாய் இடது பின்காலை வைத்தால் அடுத்து வைப்பது இடது முன்கால். பிறகு வலது பின்கால், அடுத்து வலது முன்கால். குரங்கு அப்படி இல்லை அப்பா. இடது காலை வைத்தால் அடுத்துப் போவது வலது கை. வலது காலை வைத்தால் அடுத்து இடது கை. எல்லாம் குறுக்கு.

வகுப்பே கத்தியது. பிறந்ததிலிருந்து குரங்கோடு குடித்தனம் நடத்துகிறோம், நம் தோட்டத்து மரக்கறியில் பாதி அதன் வயிற்றில்தான் போகிறது, இது ஒரு நாளும் கண்ணில் படவில்லையே. வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன். குரங்கும் மந்தியும் அந்த இனத்தில் பெரும்பாலானவையும் அப்படித்தான் நடக்குமாம், தரையில் சில நேரம் மாற்றியும் நடக்குமாம். கிளையில் போகும்போது உடம்புப் பாரத்தில் அதிகத்தைப் பின்னங்கால்கள் வாங்கிக்கொள்ளும், கை முன்னால் போய்க் கிளை தாங்குமா என்று பார்க்கும். முறிகிற கிளையாக இருந்தால் பின்வாங்கிக்கொள்ளலாம், அதற்குத்தான் இந்தக் குறுக்கு நடை என்று சிலர் சொல்கிறார்கள். படித்தவர்கள் இன்னும் அதைப் பற்றி வாதாடிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

தவழ்கிற பிள்ளையும் ஒரு கையோடு எதிர்ப்பக்க முழங்காலைத்தான் கொண்டுபோகிறது. நாம் கைவீசி நடக்கும்போதும் இடது காலோடு வலது கைதான் போகிறது. நீங்கள் தேயிலை ஸ்டோருக்கு வேலைக்குப் போகும்போதும் அப்படித்தான் போயிருப்பீர்கள். படித்தபோது எனக்கு மேலெல்லாம் சிலிர்த்தது. அடுத்த வாரம் வேறு பாடம் வந்தது, நானும் அதை அப்படியே விட்டுவிட்டேன். அம்மாவின் கையும் காலும் கண்ணுக்கு முன்னாலேயே கிடந்தும் இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

நேற்றுக்கு வருகிறேன். உங்களுக்குப் படையல். வீட்டு முன்பக்க இஸ்தோப்பில் பெஞ்சு போட்டு, உங்கள் படத்தை வைத்து, இலையில் சோறு, ரொட்டி, கட்டச்சம்பல், நெத்தலிப் பொரியல், பழம் எல்லாம் எடுத்து வைத்தோம். புது வேட்டி சட்டையை மடித்து வைத்து அதன்மேல் உங்கள் கம்பளித் தொப்பி. அம்மா பக்கத்தில் நாற்காலியில் இருந்தார். வடை எடுக்க நான் உள்ளே போனேன். தயாளன் பின்பக்கம் நின்று வேன்காரரோடு போனில் பேசிக்கொண்டிருந்தான்.

"அக்கா! கொரங்கு! தொப்பியத் தூக்கிட்டுப் போகுது!" என்று ராணி கூச்சல் போட்டாள். பழம் இருக்கிறது, ரொட்டி இருக்கிறது, அதையெல்லாம் விட்டுவிட்டு உங்கள் தொப்பியை எடுக்கிற குரங்குக்கு என்ன ரசனையோ! எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. சட்டியில் கிடந்த வடையையெல்லாம் எடுத்து முடித்துவிட்டு, எண்ணெய்க் கரண்டியோடு வெளியே வந்தேன். நாற்காலி காலியாக இருந்தது.

அப்பா, நான் ஓடினேன். முதலில் வாசலோரம் தண்ணீர் ஓடுகிற கானுக்குள் எட்டிப் பார்த்தேன், தலை குப்புற விழுந்து கிடப்பார் என்று. இல்லை. கக்கூஸ் படியில் பார்த்தேன். இல்லை. "அம்மா எங்கடி?" என்று ராணியை உலுக்கினேன். அவள் ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டு மறு கையை மேலே நீட்டினாள்.

தேயிலைக்குள் அம்மாவின் சிவப்பு ஸ்வெட்டர் தெரிந்தது. மேலே போய்க்கொண்டிருந்தது. எதிரே இருக்கிற அந்தச் செங்குத்து மலையில், கைகளாலும் கால்களாலும், நாலு காலில் அம்மா ஏறிக்கொண்டிருந்தார்.

"அம்மா!" என்று கத்த வாயெடுத்தேன். நிறுத்திக்கொண்டேன். சத்தம் போட்டால் திரும்புவார், திரும்பினால் உருளுவார் என்று அடுத்த நொடி தோன்றியது. தயாளன் ஓடிவந்து பார்த்தான். போனைக் கீழே போட்டுவிட்டான். "ஐயோ அக்கா" என்று பாயப் போனவனின் சட்டையைப் பின்னால் பிடித்து இழுத்தேன். பித்தான் தெறித்தது.

"விடுக்கா! விழுந்துருவாங்க!"

"வாய மூடுடா. பாரு. அந்தக் கையப் பாரு."

இடது கை அப்பா. துணியால் சுற்றினாலும் கோலைப் பிடிக்காத அந்தக் கை, மடியில் போட்டால் போட்ட இடத்திலேயே கிடக்கிற அந்தக் கை, போய்க்கொண்டிருந்தது. விரல் முழுசாக மூடவில்லை. முன்கையைத் தேயிலைச் செடியின் தூரில் கொக்கி மாதிரி மாட்டிக்கொண்டு அம்மா தன்னை இழுத்துக்கொண்டார். கனவோ என்றுகூட நினைத்தேன், கரண்டி நழுவிக் காலில் விழுந்த பிறகுதான் இல்லை என்று உறைத்தது.

அப்புறம்தான் வரிசையைப் பார்த்தேன். இடது கால் இழுபட்டு வந்து ஊன்றியது, வலது கை மேலே போய்ச் செடியைப் பிடித்தது. வலது கால் ஊன்றியது, இடது கை போனது. மறுபடி இடது கால், மறுபடி வலது கை. மதிலின் மேல் நாங்கள் பார்த்த அதே குறுக்கு. யார் சொல்லிக் கொடுத்தார்கள்? கூடை தலையில் தொங்க, கையைச் செடியில் கொடுத்துக் கொடுத்து இதே மலையில் காலமெல்லாம் ஏறின உடம்பு. அது மறக்கவே இல்லை.

இன்னொன்றும் அங்கேயே நின்றுகொண்டுதான் விளங்கியது. அம்மாவின் நல்ல கை வலது, விழுந்த கால் இடது. குறுக்காகப் போகும்போது விழுந்த காலுக்கு நல்ல கை துணை. விழுந்த கைக்கு நல்ல கால் துணை. எந்த நேரமும் ஒன்று தாங்குகிறது. நாங்களோ விழுந்த கையையும் விழுந்த காலையும் ஒன்றாகச் சேர்த்துவிட்டு, நட நட என்று கத்தியிருக்கிறோம். நீங்களும் அம்மாவும் ஒரே நாளில் இரண்டு பேருமாகச் சோர்ந்து உட்கார்ந்ததை நான் பார்த்ததில்லை. அதுவும் இப்படித்தானோ?

நாங்கள் மெதுவாகப் பின்னால் ஏறினோம். தயாளன் நாலு செடி கீழே, நான் அவனுக்குக் கீழே. கீழே இரண்டு லயத்து ஜனமும் கூடிவிட்டது. குரங்கு ஒரு நிழல்மரத்தில் ஏறி உட்கார்ந்து தொப்பியைக் கடித்துப் பார்த்தது. ருசிக்கவில்லை போலும், கீழே போட்டுவிட்டுப் போய்விட்டது. தொப்பி அம்மா போகிற நிரையிலேயே ஒரு செடிமேல் வந்து விழுந்தது.

சரி, எடுத்துக்கொண்டு நின்றுவிடுவார் என்று நினைத்தேன். அம்மா அந்தச் செடிக்கு வந்தார். தொப்பியைப் பார்த்தார், நிச்சயமாகப் பார்த்தார். தாண்டி மேலே போனார்.

"தொப்பி கண்ணுக்குத் தெரியலயாக்கா?" என்று தயாளன் கிசுகிசுத்தான். தொப்பியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டான். அம்மா எங்கே போகிறார் என்று எனக்கும் விளங்கவில்லை. நிமிர்ந்து பார்த்தேன். மலைக்கு மேலே, தைல வாசம் வீசுகிற கருப்பந்தேயில் மரங்கள் நாலைந்து நிற்கிற அந்தத் தட்டு நிலம் தெரிந்தது. அப்போதுதான் விளங்கியது.

அங்கேதானே உங்களைப் புதைத்தார்கள்.

அம்மா ஒரு நாளும் அங்கே வந்ததில்லை. நானும்தான். உங்களைத் தூக்கிக்கொண்டு போனபோது தப்பு மேளச் சத்தம் மலை ஏறியது, பொம்பளைகளைக் கோயில் திருப்பத்திலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். வழக்கம் அது, நாங்களும் திரும்பி வந்து வீடு கழுவினோம். அதற்குப் பிறகு கைகால் விழுந்தது. வாசல் நாற்காலியில் இருந்து அம்மா வருஷம் முழுக்க வெறித்துக்கொண்டிருந்தாரே, அது அந்த மரத்தடியைத்தான். நாங்கள் புத்தி மங்கிவிட்டது என்று பேசிக்கொண்டோம். இதை இப்போது எழுதும்போதும் எனக்கு அழுகையாக வருகிறது.

தட்டின் விளிம்புக்கு வந்ததும் அம்மா நின்றார். ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்து, நிமிர்ந்தே நின்றார். முன்னால் நிறைய மண்மேடுகள். சிலதில் குரோட்டன் செடி, சிலதில் ஒன்றுமே இல்லை, புல்தான். அம்மா ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு எங்கள் பக்கம் திரும்பாமலே கேட்டார்.

"எதுடா?"

நாங்கள் பின்னால் வருவது முதலிலிருந்தே தெரிந்திருக்கிறது! தயாளன் கையை நீட்டினான், அம்மா பார்க்கவில்லை. கடைசியில் அம்மாவைத் தாண்டி ஓடி உங்கள் பக்கத்தில் போய் நின்றுகொண்டான். முப்பது வயது தடியன் தோள் குலுங்க அழுதான். வத்தளை, வேன், சுடுதண்ணி என்று இத்தனை நாளாக வாய் ஓயாத ஆள்.

அம்மா உங்களிடம் எப்படி வந்தார் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. நீங்கள் என்னைவிடக் கிட்டத்தில் இருந்தீர்கள். உட்கார்ந்து, வலது கையைத் தரையில் ஊன்றி, இடது கையைத் தூக்கி உங்கள் மண்மேல் வைத்தார். தயாளன் இடுப்பிலிருந்து தொப்பியை எடுத்து நீட்டினான். "இந்தாங்கம்மா. இதுக்காகத்தானே வந்தீங்க."

"தொப்பி யாருக்குடா வேணும்?" என்று அம்மா எரிந்து விழுந்தார். எத்தனை நாளைக்குப் பிறகு அந்தக் குரல்! பிறகு உங்களைப் பார்த்து, "இம்புட்டு மேல கொண்டாந்து போட்டிருக்கானுங்க. சொல்லாமக் கொள்ளாமப் போயிட்டு, இங்க வந்து படுத்திருக்கீங்க" என்றார். அழுகையும் ஏச்சுமாக என்னென்னவோ சொன்னார். அது உங்களுக்குச் சொன்னது, நான் தள்ளிப்போய் நின்றுகொண்டேன்.

இறங்குவதுதான் பெரும்பாடாக இருந்தது. உட்கார்ந்தபடியே நகர்ந்து நகர்ந்து, தயாளன் கீழே முதுகைக் கொடுக்க, நான் மேலிருந்து ஸ்வெட்டரைப் பிடிக்க, பனி மூடுவதற்குள் வாசலுக்கு வந்து சேர்ந்தோம். அம்மாவின் முழங்கை உரிந்திருந்தது, சேலை பாழ். கையில் அட்டை கடித்த இரத்தம். ராணி கால் கழுவிவிட்டாள். புதைகாட்டுக்குப் பொம்பளை போனது பெரிய குற்றம் என்று கீழ் லயத்தில் இரண்டு பேர் முணுமுணுத்தார்களாம். அவர்கள் என் முன்னால் வந்து சொல்லட்டும், பதில் வைத்திருக்கிறேன்.

ஆஸ்பத்திரி மிஸ்ஸுக்குப் போன் போட்டேன். "ஐயோ அம்மே! மலையிலயா?" என்று அலறிவிட்டு, விழவில்லை என்று தெரிந்ததும் சிரித்தார். "நான் சொன்னது அதுதானே அக்கா. கை மாறு, கால் மாறு. இந்தப் பக்கம் கால், அந்தப் பக்கம் கை. கோல் நல்ல கையில." நல்ல கையில்! தயாளன் என் முகத்தைப் பார்த்தான், நான் அவன் முகத்தைப் பார்த்தேன். ஒரே ஒரு சொல்லை, வாத்தியார் வேலை பார்க்கிற நானும் சேர்ந்து, நாங்கள் இத்தனை மாதம் தலைகீழாகப் படித்திருக்கிறோம். தனியாக மட்டும் ஏறவிட வேண்டாம், இந்தக் கிழமைக்குள்ளேயே கூட்டிவாருங்கள் என்று மிஸ் சொன்னார்.

இனிமேல்தான் எனக்குப் பெரிய அடி. படையல் சோற்றைச் சாப்பிடும்போது நான் வெற்றி பெற்றவள் மாதிரி, "பாத்தியா தம்பி, அம்மா இந்த மலைய விட்டு வரமாட்டாங்க" என்று ஆரம்பித்தேன். அம்மா சோற்றிலிருந்து தலையைத் தூக்கினார்.

"யாரு சொன்னா வரமாட்டேன்னு? ஒங்கப்பாவ எங்க வெச்சிருக்கீங்கன்னு பாக்காம எப்புடிப் போறதுன்னுதான் இருந்தேன். பாத்தாச்சு. காலைல கெளம்பலாம்."

அம்மா இங்கே இருப்பதற்காக ஒரு நாளும் பிடிவாதம் பிடிக்கவில்லை. ஒரு தடவை உங்களைப் பார்க்க வேண்டும் என்று மட்டும்தான் காத்திருந்திருக்கிறார். அதைக் கேட்கவும் இல்லை. பொம்பளை கேட்கக்கூடாதது என்று அவரே நினைத்துக்கொண்டாரோ? இல்லை, நாங்கள் கேட்கிற ஆட்களாக இல்லையோ?

தயாளன் சாப்பிட்டு முடித்தான். கை கழுவிவிட்டு வந்து அம்மாவின் இடது கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள் வைத்துக்கொண்டான். "அம்மா, அங்க பிடிச்சு ஏற என்னா இருக்கு? செவருதான் இருக்கு. இந்தக் கை அங்க வந்தா மறுபடி செத்துரும்மா. நீங்க இங்கயே இருங்க" என்றான். அவன் வாயிலிருந்து! நான் அவனைப் பார்த்த பார்வையில், "என்னாக்கா, பேய பாத்த மாதிரி பாக்குற?" என்று கேட்டான். இன்று காலை வேன் வந்தது. அதில் அவன் மட்டும் போனான். வெள்ளிக்கிழமைகளில் வந்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறான், அதைச் செய்கிறானா பார்ப்போம்.

அம்மா உள்ளே ராணியோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார், ரசத்தில் உப்பு கூடிவிட்டதாம். அந்தச் சத்தத்தில்தான் இதை எழுதுகிறேன்.

உங்களுக்கு ஒரு சத்தியம் செய்து தருகிறேன். மழையில்லாத ஒவ்வொரு சனிக்கிழமையும் அம்மா உங்களிடம் வருவார். ஊர் என்ன சொன்னாலும் வருவார். நான் கையைப் பிடித்து இழுக்கமாட்டேன், எண்ணிச் சத்தம் போடவும் மாட்டேன். ஒரு செடி கீழே பின்னால் வருவேன், சறுக்கினால் தாங்குவேன், அவ்வளவுதான். மெதுவாகத்தான் வருவார், பொறுத்துக்கொள்ளுங்கள். முன்பெல்லாம் வேலை விட்டு அம்மா கூடையோடு இறங்கி வரும்போது, ஸ்டோரிலிருந்து வந்த அலுப்போடேயே நீங்கள் பாதி மலை ஏறி எதிரே போய்விடுவீர்கள். அந்தப் பழக்கத்தில் எழுந்துவிடாதீர்கள் அப்பா. படுத்தே இருங்கள். இனி அவரே வந்துவிடுவார்.

என்றும் உங்கள் பெரியபுள்ள,
சகுந்தலா